கல்லாப் பக்கத்துச் செடி இலை சுருண்டால்...

நம்மவர் கடைகளில் கல்லாப் பெட்டியைச் சுற்றிப் பார்த்தால், மேலே சாமி படம், மேசையில் எலுமிச்சம்பழம் போட்ட தண்ணீர் டம்ளர், ஓரத்தில் ஒரு மணி பிளான்ட் என்று இருக்கும். பெயரிலேயே பணம் இருப்பதால் அந்தச் செடிக்கு நம்மிடம் தனி மரியாதை உண்டு. அது தளதளவென்று படர்ந்தால் வியாபாரம் படரும், வாடினால் கல்லாவும் வாடும் என்று நம்புகிறவர்கள் நம்மில் பலர். நானும் அப்படித்தான் இருந்தேன். அந்தச் செடியின் பொருட்டு ஒரு பையனை வேலையை விட்டு அனுப்பும் அளவுக்குப் போன பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. அதை ஒளிக்காமல் எழுதுகிறேன். வணிக நண்பர்களுக்கு இரண்டு வகையில் உபயோகப்படும்.

நடந்தது என்ன?

எனக்கு மிளகாய் வற்றல், மல்லி மொத்த வியாபாரம். எங்கள் கடை மணி பிளான்ட் இருபது வருடத்துச் செடி. 2021 ஆயுத பூஜைக்குக் கடைக்கு வெள்ளையடித்தபோது, பழைய மண் தொட்டி பார்வையாக இல்லை என்று என் மகன் ஒரு பளபளப்பான பீங்கான் தொட்டி வாங்கி வந்து செடியை மாற்றி வைத்தான். எல்லோரும் அழகாக இருக்கிறது என்றோம்.

2022 மாசியில் இலைகள் உள்பக்கமாகச் சுருள ஆரம்பித்தன. கீழ் இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. அந்த நேரம் பார்த்து வெளியூர்ப் பாக்கி இரண்டு இடத்தில் நின்றுபோயிருந்தது. வீட்டில், "செடி அப்பவே சொல்லிடுச்சு" என்றார்கள். எனக்குக் கோபம் எல்லாம் தண்ணீர் ஊற்றும் பையன் மேல் திரும்பியது. வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமான, இருபது வயதுப் பையன். "ஒரு செடிக்குத் தண்ணி ஊத்த வக்கில்லாதவன் சரக்கை எப்படிடா பார்ப்ப?" என்று வாடிக்கையாளர் முன்னிலையிலேயே கேட்டுவிட்டேன். அவன் பயந்துபோய் காலையும் மாலையும் ஊற்றினான். அது போதாதென்று நானும் ஒரு செம்பு ஊற்றினேன். கணக்குப்பிள்ளையும் தன் பங்குக்கு ஊற்றினார். இலை இன்னும் சுருண்டது. அந்த மாதச் சம்பளத்தோடு பையனைக் கணக்கு முடித்து அனுப்பிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

அந்த வாரம் வற்றல் கொண்டுவந்த ஒரு சம்சாரி, பணம் வாங்க உட்கார்ந்திருந்தவர், செடியையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்து மண்ணில் விரலை விட்டார். தொட்டியைத் தூக்கிப் பார்த்தார். பிறகு, "அண்ணாச்சி, இதுக்குத் தாகம் இல்ல. இது தண்ணிக்குள்ள முங்கிக் கெடக்கு. தொட்டிக்கு அடியில ஓட்டையே இல்லையே!" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இலை வாடுதே ஐயா?" என்றேன்.

"எங்க மொளகாச் செடியிலயும் இலை சுருளும். மேல்பக்கமாச் சுருண்டா இலைப்பேனு, கீழ்ப்பக்கமாச் சுருண்டா சிலந்திப்பேனுன்னு பார்ப்போம். பார்க்காம மருந்தடிச்சா காசுதான் போகும். சுருளுறது ஒண்ணுதான், காரணம் பல இருக்கும்" என்றார்.

பையனைக் கூப்பிட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டே, "மண்ணு ஈரமாத்தான் இருக்குன்னு மொத நாளே சொன்னேன் மொதலாளி. நீங்க கேக்கல" என்றான். நாற்பது வருடம் வியாபாரம் செய்த எனக்கு அன்று பதில் வரவில்லை.

ஈரத்தில் நின்று ஏன் வாடுகிறது?

வேருக்குத் தண்ணீர் மட்டும் போதாது, காற்றும் வேண்டும். வடிகால் இல்லாத தொட்டியில் மண்ணின் இடுக்கெல்லாம் தண்ணீர் நிரம்பிவிட்டால் வேர் மூச்சுமுட்டி அழுகுகிறது. அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்சி மேலே அனுப்ப முடியாது. ஆகவே தண்ணீரில் நின்றுகொண்டே இலை தாகத்தால் சுருள்கிறது. பார்ப்பவர் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மேலும் ஊற்றுகிறார். நாங்கள் மூன்று பேரும் செய்தது இதைத்தான்.

காரணத்தைக் கண்டுபிடிக்கும் வழி

இலையைப் பார்த்து முடிவு கட்டாமல், கீழ்க்கண்ட வரிசையில் பாருங்கள்.

1. விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விடுங்கள். மண் காய்ந்து, தொட்டியும் லேசாக இருந்தால் தண்ணீர்க் குறைவு. தொட்டியை ஒரு வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் வைத்து எடுத்து, நன்றாக வடியவிடுங்கள். பெரும்பாலும் மறுநாளே இலை விரியும்.

2. மண் சொதசொதவென்று, தொட்டி கனமாக, கெட்ட வாடையுடன் இருந்தால் வேர் அழுகல். தண்ணீரை உடனே நிறுத்துங்கள். செடியை வெளியே எடுத்து, கறுத்துக் கொழகொழத்த வேர்களை வெட்டிவிட்டு, கெட்டியாக உள்ள வேர்களை வைத்துக்கொள்ளுங்கள். செம்மண், மணல், தென்னை நார்க்கழிவு கலந்து, அடியில் ஓட்டையுள்ள தொட்டியில் நடுங்கள். இனி மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர்.

3. இலையில் காய்ந்த பழுப்புத் திட்டு இருந்தால் வெயில். மேற்குப் பார்த்த கடைகளில் மாலை வெயில் நேரே விழும். ஏ.சி. காற்று நேரே அடித்தாலும் இலை காய்ந்து சுருளும். வெளிச்சம் உண்டு, நேர் வெயில் இல்லை என்கிற இடத்துக்கு மாற்றினால் போதும்.

4. இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். மெல்லிய நூலாம்படை இருந்தால் சிலந்திப்பேன். வெள்ளி பூசியதுபோல் கீறல் இருந்தால் இலைப்பேன். கணுக்களில் பஞ்சு ஒட்டியதுபோல் இருந்தால் மாவுப்பூச்சி. ஈரத்துணியால் இலையைத் துடைத்துவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து, மாலை நேரத்தில் வாரம் ஒருமுறை மூன்று நான்கு வாரம் தெளியுங்கள். அதுவரை மற்றச் செடிகளிலிருந்து விலக்கி வையுங்கள்.

5. மண்ணின் மேல் வெள்ளைப் பொருக்கும், இலை நுனியில் கருகலும் இருந்தால் உரம் அதிகம். ஓட்டையுள்ள தொட்டியில் நல்ல தண்ணீரை நிறைய ஊற்றி, உப்பு வடியும்படி இரண்டு மூன்று தடவை கழுவிவிடுங்கள். இரண்டு மாதம் உரம் வேண்டாம். குடித்து மிஞ்சிய டீயைச் செடியில் ஊற்றும் பழக்கத்தையும் விடுங்கள்.

நோயால் கெட்ட பழைய இலை திரும்ப விரியாமலே போகலாம். குணமானதா என்பதற்குப் புதுத் துளிர்தான் சாட்சி.

வேர் முழுக்கப் போய்விட்டதா?

எங்கள் செடிக்கு அதுதான் கதி. ஆனால் தண்டு கெட்டியாக இருந்தது. ஒவ்வொரு துண்டிலும் ஒரு கணுவாவது இருக்கும்படி நறுக்கி, கணு மூழ்கும்படி பாட்டில் தண்ணீரில் வைத்தோம். இரண்டு மூன்று வாரத்தில் வெள்ளை வேர் விட்டது. கணு இல்லாத தண்டில் துளிர் வராது என்பதை நினைவில் வையுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். பசிபிக் கடலில் உள்ள மூரியா தீவு இந்தச் செடிக்குத் தாய்வீடு. குடும்பமோ நம் சேம்பு, சேனையின் குடும்பம். அவற்றைப் போலவே இதன் சாறும் அரிக்கும். குழந்தைகள் வாயில் வைத்தால் நாக்கும் தொண்டையும் எரிந்து வீங்கும். ஆகவே எட்டாத உயரத்தில் வையுங்கள். நறுக்கிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அடுத்து, பாட்டிலில் வளர்ப்பவர்கள் வாரம் ஒருமுறையாவது பாட்டிலைத் தேய்த்துக் கழுவித் தண்ணீரை மாற்ற வேண்டும். டெங்கு பரப்பும் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். கடைக்கு வரும் வாடிக்கையாளருக்கு நாம் காய்ச்சலைக் கொடுத்தனுப்பக் கூடாது.

பாக்கி வந்த கதை

நின்றுபோன பாக்கி பிறகு வந்தது. செடி பிழைத்ததால் வரவில்லை. நான் நேரில் போய்ப் பேசியதால் வந்தது. விற்பனை குறைந்தால் நாமும் விலையைக் குறைக்கிறோம், வேலைக்காரரைத் திட்டுகிறோம், திருஷ்டிப் பூசணிக்காய் உடைக்கிறோம். சரக்கு பழசா, எடை சரியா, கடன் எங்கே முடங்கியது என்று மண்ணில் விரலை விட்டுப் பார்ப்பதில்லை. பார்த்துச் சொல்கிற பையனின் பேச்சையும் கேட்பதில்லை.

வாடிக்கையாளர் முன் திட்டியவனிடம், வாடிக்கையாளர் இருக்கும்போதே, "தப்பு என் மேலதான் தம்பி" என்று சொன்னேன். இப்போது எங்கள் கிட்டங்கி இருப்பு அவன் பொறுப்பில்தான் இருக்கிறது. மூட்டையைக் கையால் தொட்டுப் பார்க்காமல் அவன் எதையும் எழுதுவதில்லை. மேசை மேல் மணி பிளான்ட், அடியில் ஓட்டை போட்ட பழைய மண் தொட்டியிலேயே இருக்கிறது.