நாடி துடிக்காத மனிதர்!

டாக்டர் கையைப் பிடித்துப் பார்க்கிறார். நாடி துடிப்பதே தெரியவில்லை! ஆனால், கைக்கு உரியவர் எதிரே உட்கார்ந்து சிரிக்கிறார், பேசுகிறார்!

இது மந்திரமா? இல்லை. அவருடைய மார்புக்குள் ஒரு "பம்பு" ஓடுகிறது!

தளர்ந்த இருதயம்

நமது இருதயம் ஒரு நாளில் சுமார் 1 லட்சம் தடவை துடிக்கிறது. நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை இறைக்கிறது.

சிலருக்கு அது தளர்ந்து போகிறது. நாலு அடி நடந்தால் மூச்சு வாங்கும். கால் வீங்கும். படுத்தால் மூச்சு முட்டும். நோய் முற்றினால் மருந்துக்கும் கட்டுப்படாது. வேறு ஒருவர் இருதயத்தைப் பொருத்தலாம். ஆனால், அது கேட்டவுடன் கிடைக்கிற பொருளா?

10 நாள் துணை

1966-ம் ஆண்டு, ஆகஸ்டு மாதம். அமெரிக்காவில் உள்ள ஹூஸ்டன் நகரம். மெக்சிகோவைச் சேர்ந்த 37 வயதுப் பெண்ணுக்கு, டாக்டர் மைக்கேல் டிபேக்கி இருதய ஆபரேஷன் செய்தார். ஆபரேஷன் முடிந்தும், இருதயம் தானாக வேலை செய்ய முடியாமல் திணறியது.

டிபேக்கி, உடம்புக்கு வெளியே ஒரு பம்பை வைத்து இணைத்தார். 10 நாள் அது துணை நின்றது. அதற்குள் இருதயம் தேறிவிட்டது! பம்பை எடுத்து விட்டார்கள். அந்தப் பெண் நலமாக ஊர் திரும்பினார்.

காந்தச் சக்கரம்

இப்போதைய பம்பு, உள்ளங்கைக்குள் அடங்கும். இருதயத்தின் இடது கீழ் அறையில் பொருத்துகிறார்கள். அங்குள்ள ரத்தத்தை இழுத்து, பெரிய ரத்தக்குழாய்க்கு அது அனுப்புகிறது. புதிய வகைப் பம்பில், சிறு சக்கரம் ஒன்று காந்த சக்தியால் எதிலும் உரசாமல் சுற்றுகிறது.

ஆற்று நீர் போல ரத்தம் இடைவிடாமல் ஓடுகிறது. அதனால்தான் பலருக்கு நாடி தெரிவது இல்லை!

நோய் முற்றிய 129 பேரிடம், பழைய வகைப் பம்பை வைத்து நடந்த ஆராய்ச்சியின் முடிவு 2001-ல் வெளிவந்தது. மருந்து மட்டும் சாப்பிட்டவர்களில் 100-க்கு 25 பேரே ஓராண்டு பிழைத்து இருந்தனர். பம்பு வைத்தவர்களில் 52 பேர்!

வீட்டார் கையில்

வயிற்றுத் தோல் வழியாக ஒரு வயர் வெளியே வரும். அதற்கு பாட்டரி உண்டு. பாட்டரி தீர்ந்தால் உயிருக்கே ஆபத்து! வயர் நுழையும் இடத்தில் சீழ் பிடிக்கக் கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிட வேண்டும். நீந்தக்கூடாது.

பாட்டரி மாற்ற, மனைவி மக்களும் பழக வேண்டும்.

அப்படிப்பட்டவர் மயங்கி விழுந்தால், நாடி இல்லையே என்று கைவிட்டு விடக்கூடாது. டாக்டர் மார்பில் குழாய் வைத்துக் கேட்டால், "ர்ர்ர்" என்று ஓர் ஓசை வரும்.

அதுதான் அவருடைய உயிரின் ஓசை!