‘டியூப் விட்டுப் பார்த்தாச்சு, ஒண்ணும் இல்லை!’ - இந்த வார்த்தையை எப்போது நம்பலாம்?

தேனி, உசிலம்பட்டி, திண்டுக்கல் பக்கத்துக்காரர்கள் ஆரப்பாளையத்தில் இறங்குவார்கள். மேலூர், சிவகங்கை, விருதுநகர்க்காரர்கள் மாட்டுத்தாவணியில் இறங்குவார்கள். உள்ளூர் டாக்டர் ‘மதுரைக்குப் போய் ஸ்கோப் பார்த்துட்டு வாங்க’ என்று எழுதிக் கொடுத்த சீட்டு கையில் இருக்கும். சிலர் கோரிப்பாளையம் அரசு ராஜாஜி மருத்துவமனைக்கும், சிலர் தனியார் மருத்துவமனைகளுக்கும் போவார்கள். சாயங்காலம் ஊர் திரும்பும்போது வீட்டுக்குப் போன் போகும். “டியூப் விட்டுப் பார்த்தாச்சு. ஒண்ணும் இல்லையாம்.”

அந்த ‘ஒண்ணும் இல்லை’ எவ்வளவு உறுதியானது? அது கருவியின் விலையைப் பொறுத்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால், குடல் சுத்தமாக இருந்ததா, டாக்டர் எவ்வளவு நேரம் பார்த்தார், கடைசி வரை பார்த்தாரா என்பவைதான் பெரும்பாலும் அதைத் தீர்மானிக்கின்றன. மூன்றையுமே அளக்க முடியும்.

பெருங்குடல் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளம். அதில் வரும் புற்றுநோயில் பெரும்பகுதி ‘பாலிப்’ என்ற சின்ன சதை வளர்ச்சியில்தான் ஆரம்பிக்கிறது. அது புற்றாக மாறப் பொதுவாகப் பத்து வருடம்கூட ஆகும். அதற்குள் கொலனோஸ்கோபியில் கண்டுபிடித்து அங்கேயே வெட்டி எடுத்துவிட்டால், வரவிருந்த புற்றுநோயே வராமல் போகும். கண்ணில் படாமல் விட்டுவிட்டாலோ, நோயாளி ‘நார்மல்’ ரிப்போர்ட்டை பீரோவில் வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பார். பாலிப் உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. போலந்தில் 186 டாக்டர்கள் செய்த 45,026 பேரின் பரிசோதனைகளை ஆராய்ந்து 2010-ல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். நூறு பேரைப் பார்த்தால் 20 பேருக்காவது, புற்றாக மாறக்கூடிய பாலிப்பைக் கண்டுபிடிக்கும் டாக்டர்கள் ஒருபுறம். அதைவிடக் குறைவாகக் கண்டுபிடிப்பவர்கள் மறுபுறம். இரண்டாவது வகை டாக்டர்களிடம் பரிசோதனை செய்துகொண்டவர்களுக்கு, அடுத்த பரிசோதனைக்கு முன்பே புற்றுநோய் வரும் ஆபத்து பத்து மடங்குக்கும் மேல் இருந்தது. பரிசோதனை ஒன்றுதான், செய்த கைதான் வேறு.

நேரத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. டியூபை முதலில் பெருங்குடலின் கடைசி முனை வரை, அதாவது குடல்வால் இருக்கும் இடம் வரை கொண்டுபோகிறார்கள். உன்னிப்பாகப் பார்ப்பது திரும்ப வெளியே எடுக்கும்போதுதான். குடலின் உட்சுவர் கொசுவம் வைத்த சேலை மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கும். ஒவ்வொரு மடிப்பின் பின்னாலும் எட்டிப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் 12 டாக்டர்களின் 7,882 பரிசோதனைகளைக் கணக்கெடுத்து 2006-ல் வெளியிட்டார்கள். வெளியே எடுக்க சராசரியாக 6 நிமிடமோ அதற்கு மேலோ செலவிட்டவர்கள் 28.3 சதவிகிதம் பேரிடம் பாலிப்பைக் கண்டார்கள். அவசரக்காரர்கள் கண்டது 11.8 சதவிகிதம் பேரிடம்தான். அமெரிக்க மருத்துவ அமைப்புகள் 2024-ல் அந்த 6 நிமிடத்தை 8 நிமிடமாக்கிவிட்டன. இந்தியர்களுக்கு மேல்நாட்டினரைவிட பாலிப் குறைவாகவே தென்படுவதால், அவர்களின் சதவிகிதக் கணக்கை இங்கே அப்படியே பொருத்த முடியாது. நிமிடக் கணக்குக்கு அந்தச் சாக்கு செல்லாது.

‘இங்கிலாந்தில் எல்லாம் சரியாக இருக்கும்’ என்று நினைக்க வேண்டாம். அங்கே 68 மருத்துவமனைகளில் எடுத்த கணக்கு 2004-ல் வெளியானபோது, குடலின் கடைசி முனை வரை டியூப் போய்ச் சேர்ந்தது 76.9 சதவிகிதப் பரிசோதனைகளில்தான். கண்டிப்பான அளவுகோலில் பார்த்தால் 56.9 சதவிகிதம்தான்! அதை மூடி மறைக்காமல் வெளியிட்டார்கள். பயிற்சி முறையை மாற்றினார்கள், மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று கொண்டுவந்தார்கள். 2013-ல் வெளியான அடுத்த கணக்கில் அது 92.3 சதவிகிதமாக உயர்ந்திருந்தது.

பேதி மருந்தும் பஸ் பயணமும்

டாக்டரின் கை எவ்வளவு தேர்ந்ததாக இருந்தாலும் குடல் சுத்தமாக இல்லாவிட்டால் பயன் இல்லை. இந்தப் பாதி வேலை நோயாளி வீட்டில் நடக்கிறது. பேதி மருந்தை முந்தின இரவே முழுவதும் குடித்து முடிப்பதைவிட, பாதியை இரவிலும் மீதியைப் பரிசோதனைக்கு நான்கிலிருந்து ஆறு மணி நேரம் முன்பும் குடிப்பதுதான் குடலை நன்றாகச் சுத்தப்படுத்தும். மதுரைக்குள் இருப்பவருக்கு இது பெரிய விஷயமில்லை. விடியற்காலை பஸ் பிடித்து வருபவர் என்ன செய்வார்? வழியில் கழிப்பறைக்கு எங்கே போவது என்ற பயத்தில் இரண்டாவது பாதியைக் குடிக்காமலே வந்துவிடுவார். இதில் பெண்களின் சங்கடத்தைச் சொல்லவே வேண்டாம். அப்புறம் உள்ளே சரியாகத் தெரியாது. ‘இன்னொரு நாள் வாங்க’ என்பார்கள், அல்லது தெரிந்த வரை பார்த்து எழுதிக் கொடுத்துவிடுவார்கள். இரண்டாவதுதான் ஆபத்து.

அதனால் தூரத்து ஊர்க்காரர்கள் நாள் குறிக்கும்போதே, “நாங்க பஸ்ல வரணும், மதியத்துக்கு மேல நேரம் கொடுங்க” என்று கேட்டுவிடுவது நல்லது. மதுரையில் உறவினர் வீடு இருந்தால் முந்தின நாளே வந்து தங்கிவிடலாம். இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே கீரை, கொய்யா, தக்காளி விதை, தோலோடு உள்ள பருப்பு வேண்டாம். முந்தின நாள் வடிகட்டிய கஞ்சித் தண்ணீர், இளநீர், வடிகட்டிய எலுமிச்சை ஜூஸ் போன்றவை ஆகும். சிவப்பு நிற பானம் ஆகாது, உள்ளே ரத்தம் மாதிரி தெரியும். மதுரைக்கு வந்தாச்சே என்று ஜிகர்தண்டா குடிப்பதையும் பரிசோதனை முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். இரும்புச்சத்து மாத்திரை, சர்க்கரை மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

திண்டுக்கல் காட்டிய வழி

தரம் என்றால் பெரிய நகரம், விலை உயர்ந்த கருவி என்ற எண்ணத்தை மதுரைக்குப் பக்கத்திலேயே ஓர் ஆய்வு உடைத்திருக்கிறது. அது குடல் பற்றியது இல்லை, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பற்றியது. 2000-லிருந்து 2003 வரை திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 30 முதல் 59 வயது வரையுள்ள 31,343 பெண்களை நர்ஸுகள் பரிசோதித்தார்கள். அசிட்டிக் அமிலம் தடவி, வெள்ளையாக மாறும் இடத்தைக் கவனிக்கும் எளிய முறை அது. சந்தேகம் வந்தால் கால்போஸ்கோப் என்ற உருப்பெருக்கி வைத்துப் பார்த்தார்கள். அம்பிளிக்கை கிறிஸ்தவ மருத்துவமனையும், சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும், பிரான்ஸில் உள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி மையத்தின் டாக்டர் ஆர்.சங்கரநாராயணனும் சேர்ந்து நடத்திய ஆய்வு இது. நர்ஸுகளுக்கு முறையாகப் பயிற்சி கொடுத்து, தொடர்ந்து மேற்பார்வையும் செய்தார்கள். 2007-ல் ‘லான்செட்’ இதழில் முடிவு வந்தது. பரிசோதனை நடந்த கிராமங்களில் அந்தப் புற்றுநோய் 25 சதவிகிதமும், அதனால் ஏற்படும் மரணம் 35 சதவிகிதமும் குறைந்திருந்தன.

அதே ஆய்வில் இன்னொரு எண்ணும் உண்டு. புற்றுக்கு முந்தைய மாற்றம் இருப்பது தெரிந்த பெண்களில் சிகிச்சை எடுத்துக்கொண்டது 72 சதவிகிதம் பேர்தான்.

இந்தியாவில் 30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான அரசுப் பரிசோதனைத் திட்டத்தில் வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் ஆகிய மூன்று புற்றுநோய்கள் இருக்கின்றன. பெருங்குடல் இல்லை. ஆகவே இங்கே கொலனோஸ்கோபிக்கு வருபவர்களில் பெரும்பாலோர் ரத்தப்போக்கு, ரத்தசோகை, மலம் போகும் பழக்கத்தில் மாற்றம் என்று ஏதோ ஓர் அறிகுறியோடுதான் வருகிறார்கள். அதிலும் பலர் பேருந்து நிலையத்துப் போர்டைப் பார்த்து ‘மூலம், பவுத்திரம்’ வைத்தியத்தில் மாதக்கணக்கைத் தொலைத்துவிட்டு வருவார்கள். அப்படித் தாமதமாக வந்தவருக்குச் செய்யும் பரிசோதனை அரைகுறையாக இருக்கவே கூடாது.

பரிசோதனை முடிந்ததும் ரிப்போர்ட்டில் மூன்று விஷயங்களைப் பாருங்கள், புரியாவிட்டால் கேளுங்கள். கடைசி முனை வரை போனதாக எழுதி, குடல்வால் துவாரத்தின் போட்டோ இருக்கிறதா? குடல் எவ்வளவு சுத்தமாக இருந்தது என்று குறிப்பு இருக்கிறதா? ‘பாஸ்டன்’ அளவுகோலில் மூன்று பகுதிக்கும் தலா 3 வீதம் மொத்தம் 9 மார்க். ஒவ்வொரு பகுதிக்கும் குறைந்தது 2 இருக்க வேண்டும். வெளியே எடுக்க எத்தனை நிமிடம் ஆனது? இதைக் கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம். இந்தக் கணக்குகளை உலகெங்கும் டாக்டர்களே தங்களுக்காக வகுத்துக்கொண்டார்கள். குடல் சுத்தமில்லை என்று எழுதியிருந்தால் அது ‘நார்மல்’ ரிப்போர்ட் இல்லை. திரும்ப எப்போது வர வேண்டும் என்று அன்றைக்கே நாள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சதை எடுத்து பயாப்சிக்கு அனுப்பியிருந்தால் அந்த முடிவு வரச் சில நாள் ஆகும். ‘அதுக்காக இன்னொரு தடவை பஸ் ஏறணுமா?’ என்று அதை வாங்காமலே விடுபவர்கள் உண்டு. பில் கட்டும்போதே, முடிவு எந்தத் தேதியில் கிடைக்கும், போனில் சொல்வார்களா, யாரிடம் கேட்க வேண்டும் என்று அந்தக் கவரின் மேலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.