ஆட்டுத்தோலும் அமெரிக்கச் சுங்கமும்

ஏலகிரி மலையின் வடபுறத்தே நின்று நோக்கினால் வாணியம்பாடியும் பாலாற்றுப் படுகையும் கீழே விரிந்து கிடக்கும். ஆற்றின் போக்கிலே ஆம்பூர். அதற்கப்பால் பேரணாம்பட்டு, வேலூர், இராணிப்பேட்டை. இன்று திருப்பத்தூர் மாவட்டத்தில் அடங்கும் இம்மலை 1911 வரை சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. ஆம்பூரோ வட ஆர்க்காட்டில் இருந்தது. ஆட்சி எல்லை எவ்வாறிருப்பினும் தொழிலின் எல்லை ஒன்றே. அடிவாரக் கரம்புகளில் ஆவாரஞ்செடி, சவ்வாது மலையில் கடுக்காய், பாலாற்றில் நீர், சென்னைத் துறைமுகத்துக்கு இரயில் என நான்கும் கூடிய இடத்தில் தோல் பதனிடும் தொழில் வேரூன்றியதில் வியப்பில்லை. அதனை வளர்த்தவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் வணிகர்கள் என்பது நம் வாசகர்கள் அறிந்ததே.

இத்தொழிலின் வரலாற்றை எழுதுவோர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நேர்ந்த சரிவைக் குறிப்பிடத் தவறுவதில்லை. அமெரிக்காவில் குரோம் முறை கண்டுபிடிக்கப்பட்டது, நம் பட்டைப் பதனம் பின்தங்கியது என்று இரண்டு வரிகளில் முடித்துவிடுவர். அது பாதி உண்மையே. மறுபாதி வாஷிங்டனில் இயற்றப்பட்ட சட்டங்களில் இருக்கிறது.

முதலில் வேதியியலைப் பார்ப்போம். நியூயார்க்கில் சாய வணிக நிறுவனமொன்றில் பணியாற்றிய அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் என்பவர் 1884இல் குரோமிய உப்புகளைக் கொண்டு தோலைப் பதனிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஆவாரம்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் ஊற வேண்டிய தோல் இம்முறையில் ஓரிரு நாளில் பதமாயிற்று, வெந்நீரையும் தாங்கியது. ஆட்டுத்தோலைக் குரோமில் பதனிட்டுக் கண்ணாடிபோல் மெருகேற்றும் கலையில் பிலடெல்பியா நகரம் முன்னணிக்கு வந்தது. அங்கே ராபர்ட் ஃபோர்டரர் என்னும் ஆலை முதலாளி ‘விசி கிட்’ என்ற பெயரில் விற்ற மெருகுத்தோல் உலகப் புகழ் பெற்றது. இவர் 1901இல் அமெரிக்கக் காங்கிரசின் பிரதிநிதிகள் சபைக்குச் சென்று 1903இல் மறையும்வரை உறுப்பினராயிருந்தார் என்பதையும் மனத்தில் இருத்திக்கொள்ளலாம். ஆலையும் சட்டமன்றமும் அந்நாட்டில் அந்நாளில் அவ்வளவு அண்மையில் இருந்தன.

பிலடெல்பியாவுக்கு வேண்டியது பதனிடாத ஆட்டுத்தோல். ஆவாரம்பட்டையில் ஒருமுறை பதனிட்ட தோல் குரோம் மெருகுக்கு ஏற்றதன்று. இதைத் தொழில்நுட்பத்தின் தேவை என்று ஒப்புக்கொள்ளலாம். ஆனால் 1897 ஜூலையில் நிறைவேறிய டிங்லி சுங்கச் சட்டம் இத்தேவையைச் சுற்றி ஒரு சுவரும் எழுப்பியது. அச்சட்டத்தின்படி பச்சை ஆட்டுத்தோலுக்கு வரியே கிடையாது. பதனிட்டு முடித்த ஆட்டுத்தோலுக்கு 20 விழுக்காடு. தோற்காலணிக்கு 25 விழுக்காடு. ஒரு பண்டத்தில் மனித உழைப்பு ஏற ஏற வரியும் ஏறியது. ஆம்பூரில் ஒருவர் எப்படியோ குரோம் முறையைக் கற்று, மெருகும் ஏற்றி, கப்பலில் அனுப்பியிருந்தாலும் நியூயார்க் துறைமுகத்தில் அவர் சரக்கு ஐந்தில் ஒரு பங்கு விலை ஏறியே இறங்கியிருக்கும்.

மாட்டுத்தோலின் கதை வேறு. மேற்கத்திய மாகாணங்களின் கால்நடைப் பண்ணையாளர்களை மகிழ்விக்க அதே சட்டம் பச்சை மாட்டுத்தோலுக்கு 15 விழுக்காடு விதித்தது. காலணி ஆலைகள் நிறைந்த நியூ இங்கிலாந்து இதைக் கடுமையாக எதிர்த்தது. இவ்வரியின் பயன் உண்மையில் சிகாகோவின் பெரும் இறைச்சி நிறுவனங்களுக்கே செல்கிறது என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. கூட்டு முற்றுரிமைகளை எதிர்த்த சீர்திருத்த அலை உச்சத்திலிருந்த காலம் அது. 1909இல் அதிபர் டாஃப்ட் வற்புறுத்தியதன் பேரில் அவ்வரி நீக்கப்பட்டது. ஆட்டுத்தோலைப் பற்றி மட்டும் இத்தகைய சண்டை எழவில்லை. காத்துக்கொள்ள வேண்டிய அளவுக்கு அங்கே ஆடு வளர்ப்பு இருந்ததில்லை.

இந்தியாவிலிருந்து சென்ற பச்சை ஆட்டுத்தோலில் பெரும்பகுதி அமெரிக்காவுக்கே சென்றது. விலை ஏறிற்று, இங்குள்ள பதனிடுவோர்க்குத் தோல் கிட்டவில்லை, தொழிற்சாலைகள் பல மூடப்பட்டன. இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பதனிடுதல் நின்றாலும் கையில் முதலுள்ள வணிகருக்கு வழி இருந்தது. அவர் பச்சைத்தோலையே வாங்கி ஏற்றுமதி செய்யலாம். சுண்ணாம்புக் குழியில் இறங்கி உழைத்தவருக்கும், ஏலகிரி போன்ற மலைகளின் அடிவாரத்தில் ஆவாரம்பட்டை உரித்துச் சுமந்தவருக்கும் அப்படியொரு மாற்று வழி இல்லை. அவர்களுள் பெருந்தொகையினர் ஒடுக்கப்பட்ட சாதியினர். டிங்லியின் சட்டம் மிகுதியாகச் சுட்டது அவர்களைத்தான். நம் தொழில் வரலாறுகளில் மிகக் குறைவாக இடம்பெற்றோரும் அவர்களே.

சுங்கத்துக்கும் இனப் பாகுபாட்டுக்கும் தொடர்பென்ன என்று வாசகர் வினவலாம். அத்தொடர்பை அமெரிக்க உச்ச நீதிமன்றமே எழுதி வைத்திருக்கிறது. 1898இல் ஸ்பெயினை வென்ற அமெரிக்கா போர்ட்டோ ரிக்கோ, குவாம் தீவுகளைப் பெற்றது. பிலிப்பைன்சுக்காக 2 கோடி டாலரும் கொடுத்தது. போர்ட்டோ ரிக்கோவிலிருந்து நியூயார்க்குக்கு வந்த ஆரஞ்சுப் பழங்களுக்குச் சுங்கம் உண்டா என்ற வழக்கு 1901இல் எழுந்தது. அத்தீவு அமெரிக்காவின் பகுதியெனில் வரி கூடாது. ஆனால் தீவு அமெரிக்காவுக்கு உரியது, அரசியலமைப்பின் வரிச்சமன்மை விதிக்கு அது அமெரிக்காவின் பகுதியன்று என்று தீர்ப்பாயிற்று. தீர்ப்பை அறிவித்த நீதிபதி ஹென்றி பில்லிங்ஸ் பிரவுன், வேற்றினத்தார் வாழும் நிலங்களில் தம் நாட்டு முறைகள் செல்லுபடியாகுமா என்ற ஐயத்தையும் வெளியிட்டார். 1896இல் பிளெசி வழக்கில் கறுப்பினத்தவருக்குத் தனி இரயில் பெட்டி ஒதுக்குவது சமத்துவத்துக்கு முரணன்று என்று தீர்ப்பெழுதியவரும் இவரே. உள்நாட்டில் தனிப்பெட்டி, கடல் கடந்தால் தனி வரி. எழுதிய கை ஒன்று.

அவ்வாறு ‘உரியதாயினும் பகுதியாகாத’ நிலங்களில் ஒன்று தெற்குப் பிலிப்பைன்சின் சுலு. அங்கே முஸ்லிம் சுல்தானகம் இருந்தது. 1899இல் இஸ்தான்புல்லில் இருந்த அமெரிக்கத் தூதர் ஆஸ்கர் ஸ்ட்ராஸ் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீதை அணுகினார். சுலு முஸ்லிம்கள் அமெரிக்காவுடன் மோத வேண்டா என்ற அறிவுரை கலீஃபாவிடமிருந்து சென்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் பேட்ஸ் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. வடக்கே பிலிப்பினோக்களின் எதிர்ப்பை அடக்கும்வரை தெற்கே அமைதி தேவைப்பட்டது. தேவை தீர்ந்ததும் 1904இல் அமெரிக்கா உடன்படிக்கையைத் தானே முறித்தது. 1906 மார்ச்சில் புட் டாஜோ எரிமலை வாயில் அடைக்கலம் புகுந்திருந்த மோரோ முஸ்லிம்களில் ஆண், பெண், குழந்தை என நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். படைத்தலைவர் லியோனார்டு உட்டுக்கு அதிபர் ரூஸ்வெல்ட் பாராட்டுத் தந்தி அனுப்பினார். எழுத்தாளர் மார்க் ட்வைன் இதைக் கசந்து எழுதினார். அவ்வெழுத்து அவர் மறைவுக்குப் பின்னரே வெளியாயிற்று.

இனி மனிதர்களின் கணக்கு. டிங்லி சட்டம் நிறைவேறிய அதே 1897இன் கோடையில், வங்காளத்து ஹூக்ளி மாவட்டத்தைச் சேர்ந்த முஸ்லிம் சிறு வணிகர் பன்னிருவர் சிக்கன் பூவேலைத் துணிகளுடன் நியூயார்க்கின் எல்லிஸ் தீவில் இறங்கினர். ஒப்பந்தக் கூலிச் சட்டத்தைக் காட்டி அவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். எனினும் அவர்களைப் போன்ற வேறு பலர் உள்ளே நுழைந்து நியூ ஆர்லியன்சில் தங்கினர். வெள்ளையர் குடியிருப்பில் இடமில்லாததால் கறுப்பினத்தவர் நடுவே வாழ்ந்தனர். சிலர் அக்குடும்பங்களிலேயே மணமும் முடித்தனர். அரசு ஏடுகளோ இந்தியர் எவரையும் ‘இந்து’ என்றே குறித்தன. 1920ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் அது ஓர் இனத்தின் பெயராகவே இடம்பெற்றது. அந்தப் பட்டியலில் வங்காள முஸ்லிமும் பஞ்சாபிச் சீக்கியரும் ஒன்றே. 1917இல் ஆசியாவின் பெரும்பகுதியினருக்கு நுழைவு மறுக்கப்பட்டது. 1923இல் பகத் சிங் திந்த் வழக்கில் இந்தியர் வெள்ளையர் அல்லர், ஆகவே குடியுரிமை பெறத் தகுதியற்றவர் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோலுக்கு இருந்த திறந்த கதவு தோலைப் பதனிட்டவனுக்கு இல்லை.

அமெரிக்காவின் வேறொரு முகமும் இப்பகுதிக்குத் தெரியும். அதையும் நேர்மையோடு சொல்ல வேண்டும். ஆர்க்காடு மிஷன் குடும்பமொன்றில் 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர், திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பேறுகாலத்தில் பெண் மருத்துவரின்றி இறந்ததைக் கண்டு மருத்துவம் கற்கச் சென்றார் என்பது பலரும் அறிந்த செய்தி. அம்மூவருள் ஒருவர் முஸ்லிம். ஐடா 1900இல் திரும்பினார். நியூயார்க் வங்கியாளர் ஷெல் தம் மனைவி நினைவாக அளித்த 10,000 டாலரைக் கொண்டு 1902இல் வேலூரில் மருத்துவமனை எழுந்தது. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் தொடங்கிற்று. சமயப் பரப்புக்காக வந்த இயக்கம்தான். ஆயினும் ஆண் மருத்துவர் முன் வர இயலாதிருந்த நம் பெண்களுக்கு அதனால் விளைந்த நன்மை சிறிதன்று.

சென்னையில் ஆல்பிரட் சாட்டர்டன் 1903 முதல் அரசுச் செலவில் குரோம் பதனத்தைச் சோதித்துப் பார்த்தார். கவலை ஏற்றத்துக்கான தோற்பைகளும் செருப்புத்தோலும் அவ்வாறு உருவாயின. அரசு தொழில் நடத்துவது தகாது என்று இந்தியா மந்திரி மார்லி 1910இல் எழுதியதும் அம்முயற்சி நின்றது. நம் பதனிடுவோரைக் காத்தது உலகப்போர். பிரிட்டிஷ் படையினரின் பூட்சுகளுக்குச் சென்னை மாகாணத்துப் பட்டைப் பதனத்தோல் வேண்டியிருந்தது. 1916 முதல் அரசே அதை வாங்கிற்று. 1919இல் பச்சைத்தோல் ஏற்றுமதிக்கு 15 விழுக்காடு வரி வந்தது. வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி தோன்றியதும் அதே ஆண்டில்தான்.

அந்த ஏற்றுமதி வரியிலும் ஒரு சூட்சுமம் இருந்தது. பிரிட்டிஷ் பேரரசுக்குள் சென்று பதனிடப்படும் தோலுக்கு 10 விழுக்காடு திரும்பக் கிடைக்கும். அதாவது பிலடெல்பியாவுக்கு 15, இங்கிலாந்துக்கு 5. இச்சலுகையும் பயனின்றிப் போக, 1923இல் வரி அனைவருக்கும் 5 விழுக்காடாகக் குறைந்தது. பச்சைத்தோல் ஏற்றுமதிக்கு முழுத்தடை 1973இல்தான், சீதாராமையா குழுவின் பரிந்துரைக்குப் பின் வந்தது. அதன் பிறகே குரோம் பதனம் பாலாற்றங்கரையில் பெருகிற்று. அதன் கழிவு 1996இல் உச்ச நீதிமன்றம்வரை சென்றது தனியே எழுதப்பட வேண்டிய கதை.