பொய்க்கு ஒரு பத்திரம். மெய்க்கு ஒரு படம்!

 

உளுந்தூர்ப்பேட்டை வட்டத்துக் களமருதூரும் கள்ளக்குறிச்சியை அடுத்த வீரசோழபுரமும் ஒரே மாவட்டத்து ஊர்கள். முன்பு தென்னார்க்காடு என்றும், 1993-க்குப் பின் விழுப்புரம் என்றும், 2019 முதல் கள்ளக்குறிச்சி என்றும் மாவட்டத்தின் பெயர் மாறியது, ஊர்கள் மாறவில்லை. அந்த வீரசோழபுரத்திலிருந்து காணாமற்போன ஒரு பொருளின் வரலாற்றை இம்மாதம் உங்கள் முன் வைக்கின்றோம். "கோயில் சிலையைப் பற்றி நம் இதழில் என்ன பேச்சு?" என்று சிலர் புருவத்தை உயர்த்தக்கூடும். சற்றுப் பொறுமையோடு படியுங்கள். முடிவில் இது உங்கள் வீட்டுப் பெட்டியைப் பற்றிய பேச்சு என்பதை நீங்களே உணர்வீர்கள்.

கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று

1955-ஆம் ஆண்டு புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தொடங்கப்பெற்றது. அந்நிறுவனத்தார் ஊர் ஊராகச் சென்று, கோயில்களையும் அவற்றிலுள்ள சிலைகளையும் படம் பிடித்து, ஊர்ப் பெயரும் ஆண்டும் குறித்து அடுக்கி வைத்தனர். இலாபம் கருதிச் செய்த வேலையன்று. பிற்கால ஆய்வுக்கென்று செய்த வேலை. 1956-இல் வீரசோழபுரம் சிவன் கோயிலுக்கும் அவர்கள் சென்றார்கள். அங்கே சுந்தரரும் அவர் துணைவி பரவையாரும் சேர்ந்து நிற்கும் வெண்கலச் சிலை அவர்களுடைய படப்பெட்டிக்குள் பதிவாயிற்று.

பிறகு ஒரு நாள் அச்சிலை கோயிலில் இல்லை. கடல் கடந்து அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. 1987-இல் ஒரு செல்வர் வழங்கிய ஆயிரம் கலைப்பொருள்களுள் ஒன்றாக, வாஷிங்டன் நகரத்து ஸ்மித்சோனியன் ஆசியக் கலை அருங்காட்சியகத்தை அடைந்தது. கண்ணாடிப் பேழை, மின்விளக்கு, அழகிய பெயர்ப்பலகை! பார்ப்பவர் எவருக்கும் ஐயம் எழ வழியில்லை.

ஆனால் அந்தக் கறுப்பு வெள்ளைப் படம் புதுச்சேரியில் காத்திருந்தது. தமிழகக் காவல்துறையின் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவினர், வீரசோழபுரத்துச் சிலைகள் அமெரிக்காவில் இருப்பதை 2022-இல் வெளிப்படுத்தினர். அருங்காட்சியகத்தின் ஆய்வாளர்களும் 2023-இல் புதுச்சேரிப் படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தனர். ஐயமற உறுதியாயிற்று. 2026 ஜனவரியில், வீரசோழபுரத்துச் சுந்தரர், மன்னார்குடிப் பகுதி ஆலத்தூரின் சோமாஸ்கந்தர், திருத்துறைப்பூண்டியின் நடராசர் ஆகிய மூன்று சிலைகளையும் இந்திய அரசிடம் ஒப்படைப்பதாக அருங்காட்சியகம் அறிவித்தது. நடராசர் மட்டும் இந்தியாவின் உடைமையாக, நீண்ட காலக் கடனில் அங்கேயே காட்சிக்கு இருக்கும் என்பது உடன்பாடு.

கோயிலின் பூட்டு காக்கத் தவறியதை ஒரு படம் மீட்டுத் தந்தது!

திருட்டுக்கு அணிவித்த சட்டை

வாசகர்களே! இங்கே நீங்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. திருடிய பொருளைத் திருட்டுப் பொருளாக எவரும் பெருவிலைக்கு வாங்கமாட்டார். அதற்கு ஒரு நல்ல சட்டை அணிவிக்க வேண்டும். அந்தச் சட்டைக்குப் பெயர் பத்திரம்.

திருத்துறைப்பூண்டி நடராசரை அருங்காட்சியகம் 2002-இல் நியூயார்க் வணிக நிறுவனம் ஒன்றிடம் விலை கொடுத்து வாங்கியது. விற்றவர்கள் அதற்கென்று காட்டிய ஆவணங்கள் போலியானவை என்பது பின்னாளில் அருங்காட்சியகம் நடத்திய ஆய்விலேயே தெரியவந்தது.

இதனினும் துணிச்சலான கதை அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தானில் நடந்தது. வழிபாடு குறைந்து பூட்டிக் கிடந்த பழங்கோயில் அது. அங்கிருந்த நடராசரைக் கள்வர்கள் 2006-ஆம் ஆண்டளவில் கொண்டு சென்றனர். ஊராருக்குச் செய்தி தெரிந்தது 2008-இல். அதே 2008-இல் ஆஸ்திரேலிய நாட்டின் தேசிய கலைக்கூடம், நியூயார்க் வணிகர் சுபாஷ் கபூரிடம் அச்சிலையை ஏறக்குறைய ஐம்பது இலட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது.

அவ்வளவு பெரிய கலைக்கூடம் விசாரிக்காமலா வாங்கிற்று? விசாரித்தது. அதற்கு விடையாகக் காகிதம் காட்டப்பட்டது. டில்லியில் பணியாற்றிய சூடான் நாட்டுத் தூதரக அலுவலர் ஒருவர் 1970-இல் டில்லிக் கடையொன்றில் அச்சிலையை வாங்கித் தம்மோடு கொண்டுபோனதாக அக்காகிதம் கூறியது. ஏன் 1970? தொல்பொருள்களைப் பற்றிய கடுமையான சட்டம் இந்தியாவில் 1972-இல் இயற்றப்பட்டது. அதற்கு முன்பே நாட்டை விட்டுப் போனதாகக் காட்டிவிட்டால் கேள்விகள் குறையும் அல்லவா? ஆனால் 1994-இல் அச்சிலை ஸ்ரீபுரந்தான் கோயிலிலேயே இருந்ததைப் புதுச்சேரி நிறுவனத்தின் படம் காட்டிக் கொடுத்தது. பொய்ப் பத்திரம் பல்லிளித்தது!

நமக்கு அண்மையிலுள்ள விருத்தாசலத்துக் கோயிலின் அர்த்தநாரீசுவரர் கற்சிலையும் இப்படியே ஒரு பொய் ரசீதோடு 2004-இல் சிட்னி நகரத்துக் கலைக்கூடத்துக்கு விற்கப்பட்டிருந்தது. இரு சிலைகளையும் 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் புதுடில்லியில் திருப்பி அளித்தார். 2011-இல் ஜெர்மனியில் பிடிபட்டு 2012-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட சுபாஷ் கபூருக்கு, சிலைத் திருட்டு வழக்கொன்றில் கும்பகோணம் நீதிமன்றம் 2022 நவம்பரில் பத்தாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது.

நமக்கென்ன என்று இருக்கலாமா?

சிலை வணக்கம் நம் மார்க்கத்தில் இல்லை. ஆயினும் அண்டை வீட்டாரின் உடைமையை ஒருவன் களவாடும்போது, "அது அவர்கள் பொருள்தானே" என்று முகத்தைத் திருப்பிக்கொள்ள நமக்கு அனுமதியில்லை. களவு களவுதான், அமானிதம் அமானிதம்தான். ஸ்ரீபுரந்தான் காகிதத்தில் ஆப்பிரிக்க நாட்டு முஸ்லிம் ஒருவரின் பெயரைத்தானே கவசமாக்கிக் கொண்டார்கள்! பொய் எழுதுகிறவனுக்குச் சாதியுமில்லை, சமயமுமில்லை. எவர் பெயர் பயன்படுமோ அதை எடுத்துக்கொள்வான்.

இதே உத்தியோடு நம் வாசலுக்கும் வருவான். அப்போது அவன் கையிலிருக்கும் காகிதத்தில் நமக்குப் பிடித்த சொற்கள் இருக்கும்.

பெங்களூரில் 2006-இல் தொடங்கிய ஐ.எம்.ஏ. நிறுவனத்தை நினைத்துப் பாருங்கள். வட்டி ஹராம் என்று வங்கியை விட்டு ஒதுங்கி நின்ற குடும்பங்களிடம், "இது வட்டியன்று, ஹலாலான இலாபப் பங்கு" என்று அந்நிறுவனம் கூறியது. சில ஆண்டுகள் பங்கும் மாதந்தோறும் வந்தது. வந்ததைக் கண்டவர்கள் உற்றார் உறவினரையும் அழைத்து வந்து சேர்த்தனர். 2019 ஜூனில் அதன் நிறுவனர் முகம்மது மன்சூர் கான் நாட்டை விட்டு வெளியேறினார். ஜூலையில் டில்லி விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டார். புகார் கொடுக்க வரிசையில் நின்றவர்கள் பல்லாயிரவர். அவர்களுள் பெரும்பாலோர் நம் சமுதாயத்தவர். மகளின் நிக்காஹுக்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்த தாய்மார்களும் அவ்வரிசையில் நின்றார்கள்.

தமிழகத்தில் ஆருத்ரா நிறுவனத்தின் கதை 2022-இல் வெளிவந்தது. மாதத்துக்கு நூற்றுக்கு முப்பது வரை தருவதாகச் சொல்லி, ஏறக்குறைய ஒரு இலட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் திரட்டியதாக வழக்கு. நூறு ரூபாய் எந்த வியாபாரத்தில் ஒவ்வொரு மாதமும் முப்பது ரூபாய் ஈட்டித் தரும்? கடைத்தெருவில் உண்மையாக வணிகம் செய்யும் எவரையேனும் கேட்டிருந்தால் விடை கிடைத்திருக்கும்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியலொன்றினுள் கையை விட்டுப் பார்த்த நிகழ்ச்சியை நீங்கள் அறிவீர்கள். மேலே உலர்ந்திருந்தது, உள்ளே ஈரம். மேற்பரப்பைக் கண்டு நில்லாமல் உள்ளே கைவிட்டுப் பார்ப்பது சந்தேகப் புத்தியன்று. அது நம் நபியின் வழிமுறை.

கைபேசியிலும் வருகிறது பத்திரம்

இன்று பொய்ப் பத்திரம் அச்சகத்துக்குக்கூடப் போகவேண்டியதில்லை. கைபேசியிலேயே வந்து நிற்கிறது. காவல் அதிகாரியின் உடையில் ஒருவர் திரையில் தோன்றி, "உங்கள் பெயரில் போதைப்பொருள் பொட்டலம் பிடிபட்டுள்ளது, டிஜிட்டல் கைது செய்துள்ளோம், வீட்டில் எவரிடமும் பேசாதீர்கள்" என்று மிரட்டுவார். முத்திரை பதித்த நீதிமன்ற உத்தரவையும் காட்டுவார். நம் நாட்டுச் சட்டத்தில் டிஜிட்டல் கைது என்று ஒன்று இல்லவே இல்லை என்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இன்றே சொல்லி வையுங்கள். "எவரிடமும் சொல்லாதே" என்று ஒருவன் சொன்னால், உடனே நான்கு பேரிடம் சொல்லுங்கள்.

வளைகுடா வேலைக்கு மகனை அனுப்பும் தாய்மார்களே! 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்ற முகவர் மட்டுமே வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கலாம். அவர் பெறக்கூடிய சேவைக் கட்டணம் முப்பதாயிரம் ரூபாயும் அதற்குரிய வரியும்தான். ஆனால் இலட்சக் கணக்கில் கேட்பவரும், "இப்போது சுற்றுலா விசாவில் போகட்டும், அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்பவரும் இருக்கிறார்கள். கணினி வேலை என்று நம்பிச் சென்ற தமிழ் இளைஞர்கள் மியான்மரிலும் கம்போடியாவிலும் அடைத்து வைக்கப்பட்டு, கைபேசி வழியே பிறரை ஏமாற்றும் வேலைக்கே கட்டாயப்படுத்தப்பட்ட செய்திகளை 2022 முதல் படித்து வருகிறோம். ஏமாந்தவனையே ஏமாற்றுகிறவனாக மாற்றும் கொடுமை அது!

ஓலையைச் சோதித்த ஊர்

வீரசோழபுரத்துச் சிலையில் நிற்கும் சுந்தரர், களமருதூர் இருக்கும் அதே உளுந்தூர்ப்பேட்டை வட்டத்துத் திருநாவலூரில் பிறந்தவர். அவருடைய வரலாற்றிலேயே ஒரு பத்திர வழக்கு வருவதை நம் அண்டை வீட்டார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். திருமணப் பந்தலில் முதியவர் ஒருவர் ஓலையைக் காட்டி, "இவன் எனக்கு அடிமை" என்கிறார். மணமகன் அதைக் கிழித்தெறிகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. அவையோர் முதியவரின் தோற்றத்தை நம்பவில்லை. மணமகனின் கோபத்தையும் நம்பவில்லை. மூல ஓலையைக் கேட்டு வாங்கி, சுந்தரருடைய பாட்டனாரின் வேறொரு கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே தீர்ப்புக் கூறினர். நம் மண்ணின் பழக்கம் அது: மூலத்தைக் கேள், ஒப்பிட்டுப் பார், பிறகு நம்பு.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்பதை எண்ணிப் பாருங்கள். கடன் கொடுக்கல் வாங்கலைச் சாட்சிகளோடு எழுதி வைப்பதைப் பற்றியது! அண்ணன் தம்பிக்குள் எதற்கு எழுத்து என்று வெட்கப்படுகிறோமே, அந்த வெட்கம்தான் மோசடிக்காரனின் முதல் மூலதனம்.

ஆகவே, அன்பு வாசகர்களே! இந்த வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வீட்டுப் பெட்டியைத் திறந்து, நிலப்பத்திரம், நகை ரசீது, கொடுத்த கடன், வாங்கிய கடன் அனைத்தையும் பட்டியலிடுங்கள். நகைகளையும் பத்திரங்களையும் படமெடுத்து, நம்பிக்கையான இன்னொருவரிடமும் ஒரு பிரதி வையுங்கள். வீடோ மனையோ வாங்குமுன் விற்பவர் காட்டும் நகலோடு நிற்காமல், சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். பள்ளிவாசலுக்கும் கப்ருஸ்தானுக்கும் உரிய வக்ஃபு ஆவணங்கள் எங்கே இருக்கின்றன என்று ஜமாஅத்தில் மரியாதையோடு கேளுங்கள். முத்தவல்லியைச் சந்தேகித்துக் கேட்பதன்று இது. அவருக்குப் பின் வருபவருக்கும் தெரிய வேண்டுமே என்ற அக்கறையில் கேட்பது. பணம் பறிபோனால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். இணைய மோசடிக்கு 1930 என்ற எண்ணை உடனே அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் கள்வனுக்குச் சாதகம்.

1956-இல் வீரசோழபுரத்தில் படம் எடுத்தவர், எழுபது ஆண்டுகளுக்குப் பின் அப்படம் ஒரு சாட்சியாக நிற்கும் என்று எண்ணியிருக்கமாட்டார். தம் வேலையை ஒழுங்காகச் செய்து, ஊரையும் ஆண்டையும் எழுதி வைத்தார், அவ்வளவே. நீங்கள் இன்று எழுதி வைக்கும் ஒரு வரியும் உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு அப்படியொரு சாட்சியாக நிற்கக்கூடும், இன்ஷா அல்லாஹ்!