கெய்சர் சொட்டுகிறதா? மூடி போட்டு அடைக்காதீர்கள்! குளியல் அறையில் தொங்கும் ஆபத்து

சென்னையில் மார்கழி பிறந்தால் போதும். பிளம்பர்களுக்கும் எலெக்ட்ரீஷியன்களுக்கும் கிராக்கி வந்து விடும்.

"கெய்சர் மாட்டணும்", "கெய்சர் சுடலே", "கெய்சர் ஒழுகுது" என்று விடிந்ததில் இருந்தே போன் அடிக்கும்.

மாட்டிய மறுநாளே வரும் புகார் ஒன்று உண்டு.

"என்னப்பா, நேத்துதானே மாட்டினே? அடியிலே சொட்டுச் சொட்டா தண்ணி வடியுதே!"

"அது ஒண்ணும் இல்லே சார். ஒரு மூடி போட்டு இறுக்கினா நின்னுடும்."

மூடி போடப்படும். சொட்டு நின்று விடும். தரை காய்ந்து விடும். வீட்டுக்காரருக்கும் பரம திருப்தி.

ஆனால் அந்த நிமிடத்தில் இருந்து குளியல் அறைச் சுவரில் ஒரு வெடிகுண்டு தொங்குகிறது!

2 டம்ளர் தண்ணீர்

தண்ணீர் சூடானால் பெருகும். 25 லிட்டர் கெய்சரில் 25 டிகிரி தண்ணீரை 65 டிகிரிக்குச் சூடாக்கினால் சுமார் 400 மில்லி கூடுகிறது. அதாவது 2 டம்ளர்!

இந்த 2 டம்ளர் எங்கே போகும்?

கெய்சருக்குள் தண்ணீர் நுழையும் இடத்தில் ஒரு சின்ன வால்வு இருக்கும். உள்ளே போன தண்ணீரை அது திரும்ப விடாது. வெந்நீர் மாடித் தொட்டிக்கு ஏறிப் போகாமல் தடுப்பது அதுதான்.

குழாயும் மூடி இருக்கிறது. பின்னாலும் வழி இல்லை. உள்ளே அழுத்தம் ஏறுகிறது. அளவு மிஞ்சினால் அதே வால்வில் உள்ள சிறு மூக்கு வழியாகத் தண்ணீர் சொட்டி வெளியேறும்.

ஆகவே, சூடாகும்போது சொட்டினால் பயம் வேண்டாம். கெய்சர் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது என்று அர்த்தம். மூக்கில் ஒரு டியூபை மாட்டி, தண்ணீர் போகும் துவாரம் பக்கம் விட்டால் போதும். தரை நனையாது.

சுவிட்சை அணைத்த பிறகும் இரவு பகலாக ஒழுகினால்தான் கோளாறு. வால்வில் உப்பு அடைத்து இருக்கலாம். மாடிக் கட்டிடங்களில் தண்ணீரின் வேகமே அதிகமாக இருக்கலாம். அப்போதும் வால்வை மாற்ற வேண்டும். அல்லது வேகத்தைக் குறைக்கும் வால்வைச் சேர்க்க வேண்டும். அடைக்கவே கூடாது!

அடைத்தால் என்ன ஆகும்?

சூடு ஏறியதும் கரண்டை நிறுத்துவது தெர்மோஸ்டாட். அது மக்கர் செய்தால் 'கட்-அவுட்' நிறுத்தும். இரண்டும் கைவிட்டால் கடைசிக் காவல் அந்த வால்வுதான்.

சில மெக்கானிக்குகள், 'கட்-அவுட்' கெட்டால் "டைரக்ட் பண்ணிடறேன்" என்று ஒயரை நேராக முறுக்கி விடுகிறார்கள். ஒரு காவல் போயிற்று. மூடி போட்டால் இன்னொரு காவலும் போயிற்று. பிறகு தெர்மோஸ்டாட் ஒன்றுதான் மிச்சம்!

அதுவும் கெட்டால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டும். அழுத்தம் இருப்பதால் ஆவி ஆகாது. டாங்கி வெடித்த கணத்தில் குபீர் என்று ஆவி ஆகும். 1 லிட்டர் தண்ணீர் ஆவியானால் சுமார் 1,600 லிட்டர் இடம் கேட்கும். சுவர் தாங்குமா? ஆள் தாங்குவாரா?

மூன்றாவது துளை

அடுத்த எமன் பிளக்கில் இருக்கிறான்.

2,000 வாட் கெய்சர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் கரண்ட் இழுக்கும். விளக்கு, பேனுக்கு உள்ள 6 ஆம்பியர் பிளக் கருகி விடும். 16 ஆம்பியர் பவர் பிளக்கும் தனி ஒயரும் வேண்டும்.

பிளக்கின் தடித்த மூன்றாவது கால்தான் எர்த். பல பழைய வீடுகளில் சுவரில் மூன்றாவது துளை இருக்கும். பின்னால் ஒயர் இருக்காது!

எலிமெண்டின் உறை விரிசல் விட்டால் கரண்ட் தண்ணீரில் பாயும். எர்த் இருந்தால் பூமிக்குப் போய் விடும்; பியூஸ் போகும். இல்லாவிட்டால், ஈரக்காலோடு குழாயைத் தொட்டவர் உடம்பு வழியாகப் போகும்.

எர்த் இல்லாத வீட்டில் நியூட்ரலையும் எர்த்தையும் பிளக்குக்குள்ளேயே சேர்த்து முறுக்குவதும் நடக்கிறது. இது கொலைபாதகம். நியூட்ரல் அறுந்தால் கெய்சரின் உடம்பு முழுக்கக் கரண்ட்தான்.

எர்த்தோடு, 30 மில்லி ஆம்பியரில் விழும் ஆர்.சி.சி.பி. சுவிட்சும் போட்டு வைப்பது நல்லது. கரண்ட் கசிந்தால் கண் இமைக்கும் நேரத்தில் நிறுத்தி விடும்.

ரிப்பேரா, புதுசா?

போர் தண்ணீர் வீடுகளில் வாளியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே உப்புதான் எலிமெண்டிலும் படிகிறது. சூடாக நேரம் ஆகும். உள்ளே இரைச்சல் கேட்கும். கழற்றிச் சுத்தம் செய்தால் சரியாகி விடும். எலிமெண்ட், தெர்மோஸ்டாட், வால்வு எல்லாம் மாற்றக்கூடியவை.

உள்ளே ஒரு மெக்னீசியம் கம்பி இருக்கும். துரு டாங்கியைத் தின்னாமல் இந்தக் கம்பியைத் தின்னும். கம்பி தீர்ந்தால் அடுத்த பலி டாங்கி. ஆண்டுக்கு ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள்.

டாங்கியே ஓட்டை ஆனால் பசை போடுவதும், பற்ற வைப்பதும் தண்டச் செலவு. புதிது வாங்குங்கள். ஐ.எஸ். 2082 என்ற எண்ணுடன் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 25 லிட்டர் கெய்சரில் தண்ணீர் மட்டுமே 25 கிலோ. சுவர் தாங்குமா என்றும் கேளுங்கள்.

மாட்டியதும் வெந்நீர்க் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்த பிறகுதான் சுவிட்சைப் போட வேண்டும். காலி டாங்கியில் போட்டால் எலிமெண்ட் எரிந்து விடும். எர்த்தை டெஸ்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு கூலியைக் கொடுங்கள்.

இன்று இரவே பாருங்கள்

வீடு திரும்பியதும் கெய்சரின் அடியில் ஒரு பார்வை பாருங்கள். வால்வின் மூக்கில் மூடியோ, முறுக்கிய துணியோ, மடித்துக் கட்டிய டியூபோ இருந்தால் சுவிட்சை அணைத்து விடுங்கள். சூடாக இருக்கும்போது நீங்களே கழற்ற வேண்டாம்.

மெக்கானிக் வந்து வால்வை மாற்றும் வரை அடுப்பில் வெந்நீர் போட்டுக் குளியுங்கள். ஒன்றும் குறைந்து விடாது!