கட்டியவரா, உயர்த்தியவரா? லிவர்பூல் ரசிகர்களின் தீராத வழக்கு

லிவர்பூல் கால்பந்து கழகம் 1892-இல் தொடங்கப்பட்டது. அன்று முதல் இருபது பேர் அளவில் அதன் மேலாளர்களாக இருந்திருக்கிறார்கள். அவர்களில் மிகச் சிறந்தவர் யார் என்று ரசிகர்களிடம் கேட்டால் முதல் இரண்டு இடங்களுக்குப் பில் ஷாங்க்லி, பாப் பெய்ஸ்லி என்ற இரு பெயர்களே பெரும்பாலும் வரும். எந்தப் பெயர் முன்னால், எது பின்னால் என்பதில்தான் சண்டை. கோப்பைகளை எண்ணினால் இந்தச் சண்டைக்கு இடமே இல்லை. பெய்ஸ்லி வெகு தொலைவு முன்னால் நிற்கிறார். ஆனாலும் ஷாங்க்லியின் பெயரை முதலில் சொல்பவர்கள் ஏராளம். ஒரு மேலாளரின் பெருமையை ரசிகர்கள் எதைக் கொண்டு அளக்கிறார்கள் என்பது இந்த முரணில் தெரிகிறது.

இங்கிலாந்துக் கால்பந்தில் மேலாளர் என்பவர் பயிற்சியாளரைவிடப் பெரிய பொறுப்பில் இருப்பவர். ஆட்டத்துக்குப் பதினொரு பேரைத் தேர்ந்தெடுப்பது, வீரர்களை வாங்குவது, விற்பது, பயிற்சியை வகுப்பது எல்லாம் நெடுங்காலம் அவர் ஒருவர் கையிலேயே இருந்தன. தொடக்க காலத்தில் அப்படியில்லை. அணியைத் தேர்ந்தெடுப்பதில் இயக்குநர்களின் கை ஓங்கியிருந்தது. மேலாளர் செயலாளரைப் போல நிர்வாகம் பார்த்தார். 1896 முதல் 1915-இல் இறக்கும்வரை பொறுப்பில் இருந்த டாம் வாட்சன், 1901-இலும் 1906-இலும் லீக் பட்டத்தை வென்று தந்தவர். லிவர்பூலுக்கு வருமுன் சண்டர்லாண்டை மூன்று முறை வெல்லவைத்தவர். இருந்தும் இன்று அவர் பெயரைச் சொல்ல ஆளில்லை. 1947-இல் பட்டம் வென்ற ஜார்ஜ் கேயின் கதையும் அதுவே. பார்த்தவர்கள் மறைந்த பிறகு வெறும் பட்டங்கள் ஒரு மேலாளரை நினைவில் நிறுத்திவைப்பதில்லை.

ஷாங்க்லி 1959 டிசம்பரில் வந்தபோது லிவர்பூல் இரண்டாம் பிரிவில் கிடந்தது. அதன் சொந்த மைதானமான ஆன்ஃபீல்ட் பழுதடைந்திருந்தது. மெல்வுட் பயிற்சித் திடலில் புதர் மண்டிக் கிடந்தது. ஸ்காட்லாந்தின் கிளென்பக் என்ற சுரங்கச் சிற்றூரில் 1913-இல் பிறந்தவர் ஷாங்க்லி. பத்துக் குழந்தைகள் கொண்ட குடும்பம். ஆண்பிள்ளைகள் ஐவரும் தொழில்முறைக் கால்பந்து ஆடினார்கள். இளவயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர், 1938-இல் பிரஸ்டன் நார்த் எண்ட் அணிக்காக எஃப்.ஏ. கோப்பை வென்றவர். ஆனால் மேலாளராக அதுவரை சொல்லிக்கொள்ளும்படி எதுவும் வென்றிருக்கவில்லை.

புதிதாக வரும் மேலாளர்கள் முதலில் செய்வது பழைய உதவியாளர்களை வீட்டுக்கு அனுப்புவது. ஷாங்க்லி அதற்கு நேர்மாறாக நடந்தார். பாப் பெய்ஸ்லி, ஜோ ஃபேகன், ரூபன் பென்னட் ஆகியோரை அப்படியே வைத்துக்கொண்டு, வீரர்களில் இருபதுக்கும் மேற்பட்டவர்களைக் கழித்தார். அந்த உதவியாளர்கள் மைதானத்தின் பிரதானப் பார்வையாளர் அரங்குக்கு அடியில், வீரர்களின் பூட்ஸுகள் தொங்கும் ஒரு சிறிய அறையில் கூடினார்கள். பீர்ப் பெட்டிகளே நாற்காலிகள். அன்றைய பயிற்சியில் யார் நன்றாக ஓடினார், யாருக்கு முழங்கால் வலி, அடுத்த எதிரணியின் பலவீனம் எங்கே என்ற பேச்சு அங்கே நாள்தோறும் நடந்தது. ‘பூட் ரூம்’ என்று பின்னாளில் புகழ்பெற்ற இந்த அறையிலிருந்துதான் அடுத்தடுத்த மேலாளர்கள் வந்தார்கள். ஷாங்க்லியின் தனிப்பெரும் சாதனை இதுவென்று சொன்னால் மிகையாகாது.

பயிற்சி முறை எளிமையானது: பந்தை அனுப்பு, உடனே நகர். சிறு குழுக்களாகப் பிரிந்து ஐவர் ஆட்டங்கள். வீரர்கள் ஆன்ஃபீல்டில் உடை மாற்றிப் பேருந்தில் மெல்வுட் போவார்கள். பயிற்சி முடிந்ததும் வியர்த்த உடையோடே திரும்புவார்கள். உடல் மெல்லத் தணிந்த பிறகே குளியல். காயங்கள் குறைய இந்தப் பழக்கமும் ஒரு காரணம் என்று அங்கே நம்பினார்கள். 1965-66 பருவத்தின் 42 லீக் ஆட்டங்களையும் லிவர்பூல் 14 வீரர்களை மட்டும் வைத்து ஆடிமுடித்துப் பட்டமும் வென்றது.

1962-இல் முதல் பிரிவுக்கு ஏறிய அணி 1964, 1966, 1973 ஆண்டுகளில் லீக்கை வென்றது. 1965-இல் லீட்ஸை 2-1 என்று வீழ்த்திக் கழக வரலாற்றின் முதல் எஃப்.ஏ. கோப்பை, 1974-இல் இரண்டாவது. 1973-இல் யூஈஎஃப்ஏ கோப்பை. பதினைந்து ஆண்டுகளுக்கு இந்த எண்ணிக்கை பிரமிப்பூட்டுவதல்ல. 1966-க்குப் பிறகு ஏழாண்டுகள் எந்தக் கோப்பையும் கிடைக்கவில்லை. 1970-இல் வாட்ஃபோர்டிடம் எஃப்.ஏ. கோப்பையில் தோற்ற பிறகே, வயதேறிய தன் முதல் அணியைக் கலைக்க அவருக்கு மனம் வந்தது. ரசிகர்கள் இந்த வறட்சியை அவர் கணக்கில் குறையாக எழுதுவதே இல்லை. காரணம், அவர் அவர்களில் ஒருவராக வாழ்ந்தார். அவர்களின் கடிதங்களுக்குத் தாமே தட்டச்சு செய்து பதில் அனுப்பினார். எல்லோரும் ஒருவருக்காக ஒருவர் உழைத்துப் பலனையும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்ற அவரது சோஷலிச நம்பிக்கை, கப்பல்துறைத் தொழிலாளர்கள் நிறைந்த ஊருக்கு நன்றாகப் புரிந்தது.

அந்தத் தொழிலாளர்கள் நின்று ஆட்டம் பார்த்த மேடு ‘காப்’. தென்னாப்பிரிக்காவில் 1900 ஜனவரியில் போயர் போர் நடந்த ஸ்பியான் காப் குன்றின் பெயரை 1906-இல் அதற்குச் சூட்டினார்கள். அந்தக் குன்றில், லிவர்பூல் அப்போது அடங்கியிருந்த லங்காஷயரின் படைவீரர்கள் பலர் மாண்டிருந்தார்கள். அங்கே காயம்பட்டவர்களைச் சுமந்துவந்த நேட்டால் இந்தியர் ஆம்புலன்ஸ் படையில் காந்தியும், நேட்டாலின் ஒப்பந்தக் கூலித் தொழிலாளர்கள் பலரும் இருந்தார்கள் என்பதை இங்கே நினைவுகூரலாம்.

1974 ஜூலையில் ஷாங்க்லி திடீரென்று விலகினார். ஊரே நம்ப மறுத்தது. அவருடைய இடத்துக்கு வந்த பெய்ஸ்லி அந்தப் பதவியை விரும்பிக் கேட்டவரல்ல. டர்ஹாம் வட்டாரத்தின் ஹெட்டன்-லெ-ஹோல் என்ற சுரங்க ஊரில் 1919-இல் பிறந்தவர். 1939-இல் லிவர்பூலில் சேர்ந்து, இரண்டாம் உலகப் போரில் பீரங்கிப் படையில் பணியாற்றித் திரும்பி, 1947-இல் பட்டம் வென்ற அணியில் ஆடியவர். 1950 எஃப்.ஏ. கோப்பை அரையிறுதியில் உள்ளூர்ப் போட்டி அணியான எவர்ட்டனுக்கு எதிராகக் கோல் அடித்தும் இறுதி ஆட்டத்துக்கான அணியில் அவருக்கு இடம் தரப்படவில்லை. பின்னர் காயங்களுக்குச் சிகிச்சை பார்ப்பவர், பயிற்சியாளர், உதவி மேலாளர் என்று படிப்படியாக ஏறினார். மேடைப் பேச்சு அவருக்கு வராது. வீரர் ஒருவர் நடக்கும் விதத்தைப் பார்த்தே வரப்போகும் காயத்தைச் சொல்லிவிடுவார் என்று உடனிருந்தவர்கள் வியந்திருக்கிறார்கள்.

முதல் பருவத்தில் கோப்பை இல்லை. அதற்கடுத்த எட்டுப் பருவங்களில் ஆறு லீக் பட்டங்கள், மூன்று ஐரோப்பியக் கோப்பைகள், ஒரு யூஈஎஃப்ஏ கோப்பை, மூன்று லீக் கோப்பைகள். ரோமில் 1977-இலும், வெம்ப்ளியில் 1978-இலும், பாரிஸில் 1981-இலும் ஐரோப்பியக் கோப்பையை வென்ற அவர்தான் அதை மூன்று முறை வென்ற முதல் மேலாளர். 1978-79-இல் 42 லீக் ஆட்டங்களில் அணி வாங்கிய கோல்கள் வெறும் 16. உள்நாட்டுக் கோப்பைகளில் எஃப்.ஏ. கோப்பை ஒன்றுதான் அவர் கைக்கு எட்டவே இல்லை.

ஷாங்க்லி கட்டிய வீட்டில் குடியேறியதால்தான் பெய்ஸ்லிக்கு இவ்வளவும் கிடைத்தது என்று ஒரு சாரார் வாதிடுவார்கள். பாதிதான் உண்மை. 1973 நவம்பரில் ரெட் ஸ்டார் பெல்கிரேடிடம் இரு ஆட்டங்களிலும் தோற்று லிவர்பூல் ஐரோப்பியக் கோப்பையிலிருந்து வெளியேறியது. பந்தைப் பின்வரிசையிலிருந்தே பொறுமையாக ஆடிக் கொண்டுவரவேண்டும் என்ற பாடத்தைப் பூட் ரூம் அப்போது கற்றது; அதை முழுமையாக்கியவர் பெய்ஸ்லி. ஷாங்க்லி கடைசியாக வாங்கிய ரே கென்னடி ஒரு முன்வரிசை வீரர். அவரை இடது நடுக்களத்துக்கு மாற்றி, இங்கிலாந்தின் தலைசிறந்த நடுக்கள வீரர்களில் ஒருவராக ஆக்கியது பெய்ஸ்லியின் கண். கெவின் கீகன் ஜெர்மனிக்குப் போனதும் 4,40,000 பவுண்டுக்குக் கென்னி டால்கிலீஷை அழைத்துவந்தார். சூனஸ், ஹான்சன், ரஷ் ஆகியோரும் அவர் கொண்டுவந்தவர்களே. 1981 இறுதி ஆட்டத்தில் ரியல் மாட்ரிட்டை வென்ற அணியில் ஷாங்க்லி விட்டுச்சென்றவர்கள் ஒரு சிலரே.

ஷாங்க்லிக்கு 1997-இல் காப் அரங்கின் வாசலில் சிலை எழுந்தது. பெய்ஸ்லி சிலைக்கு 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்தத் தாமதம் நியாயமற்றது. அதிகம் பேசாதவரின் சாதனையும் சத்தமில்லாமல் கடந்துபோகிறது என்பதற்கு அது சான்று.

பெய்ஸ்லிக்குப் பின் வந்த ஃபேகனுக்குச் சிறந்த மேலாளர்களின் பட்டியலில் கிடைக்க வேண்டிய இடம் கிடைக்கவில்லை. 62 வயதில் பொறுப்பேற்று, முதல் பருவத்திலேயே லீக், லீக் கோப்பை, ஐரோப்பியக் கோப்பை மூன்றையும் வென்றவர். இறுதி ஆட்டத்தில் ரோமா அணியை அதன் சொந்த ஊரிலேயே வீழ்த்தியது சிறிய காரியமல்ல. அடுத்த ஆண்டு மே 29 அன்று பிரஸ்ஸல்ஸின் ஹெய்சல் மைதானத்தில் 39 பேர் மாண்ட துயரத்தோடு அவருடைய பணி முடிந்துபோனது.

டால்கிலீஷ் 34 வயதில், ஆடிக்கொண்டே மேலாளராகவும் ஆனார். 1986-இல் செல்சீக்கு எதிராகத் தாமே கோல் அடித்து லீக்கை உறுதிசெய்தார், எஃப்.ஏ. கோப்பையும் சேர்ந்து வந்தது. 1988, 1990-இல் மீண்டும் பட்டம். பார்ன்ஸ், பியர்ட்ஸ்லி, ஆல்டிரிட்ஜ் மூவரும் சேர்ந்த 1987-88 அணியைக் கழகத்தின் மிக அழகிய அணி என்பவர்கள் உண்டு. ஆனால் மேலாளராக அவரை ரசிகர்கள் நினைவில் வைத்திருப்பது கோப்பைகளுக்காக மட்டுமல்ல. 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் ஏற்பட்ட நெரிசலில் 97 லிவர்பூல் ரசிகர்கள் உயிரிழந்தார்கள். டால்கிலீஷ் இறுதிச் சடங்குகளுக்கு ஒன்றன்பின் ஒன்றாகச் சென்றார். ஒரே நாளில் நான்குக்குப் போனதும் உண்டு. குடும்பங்களோடு உட்கார்ந்தார், ஆறுதல் சொன்னார். அந்தச் சுமை அவரை உடைத்தது. 1991 பிப்ரவரியில், எவர்ட்டனோடு 4-4 என்று முடிந்த ஆட்டத்துக்குப் பின் விலகினார். எந்தக் கோப்பைப் பட்டியலிலும் வராத இந்தப் பணிக்காகவே அவரை முதலிடத்தில் வைப்பவர்களின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதல்ல.

அதற்குப் பின் வந்த சூனஸும் ராய் எவன்ஸும் ஆளுக்கொரு கோப்பை வென்றார்கள். லீக் நழுவிக்கொண்டே போனது. பிரான்ஸிலிருந்து வந்த ஜெரார் ஹூலியே உணவு, உடற்பயிற்சி எல்லாவற்றையும் நவீனமாக்கி, 2001-இல் லீக் கோப்பை, எஃப்.ஏ. கோப்பை, யூஈஎஃப்ஏ கோப்பை மூன்றையும் வென்றார். ரஃபா பெனிட்டெஸ் பெயரை நிலைநிறுத்தியது ஒரே இரவு: 2005 மே 25, இஸ்தான்புல், சாம்பியன்ஸ் லீக் (பழைய ஐரோப்பியக் கோப்பை) இறுதி ஆட்டம். இடைவேளையில் மிலான் 3-0 என்று முன்னிலை. ஃபின்னானை எடுத்து ஹமானை இறக்கி நடுக்களத்தை இறுக்கினார் பெனிட்டெஸ். 54, 56, 60-ஆம் நிமிடங்களில் மூன்று கோல்கள், பெனால்டியில் வெற்றி. கட்டியவர் யார், வென்றவர் யார் என்ற கேள்வி இங்கேயும் எழுகிறது. அன்று ஆடியவர்களில் பெரும்பாலோர் ஹூலியேயின் அணியிலிருந்து வந்தவர்களே.

யுர்கன் க்ளாப் 2015 அக்டோபரில் வந்தபோது அணி பத்தாவது இடத்தில் இருந்தது. ஐயப்படுகிறவர்களை நம்புகிறவர்களாக மாற்ற வேண்டும் என்று முதல் நாளே சொன்னார். மூன்று இறுதி ஆட்டங்களில் தோற்ற பிறகு 2019-இல் சாம்பியன்ஸ் லீக் வந்தது. அந்த வழியில் பார்சிலோனாவிடம் 3-0 என்று தோற்று, ஆன்ஃபீல்டில் 4-0 என்று திருப்பிக்கொடுத்த அரையிறுதியும் உண்டு. 2020-இல் 99 புள்ளிகளோடு, முப்பது ஆண்டுகளுக்குப் பின் லீக் பட்டம். கொரோனாவால் காலியாக இருந்த காப் அரங்கில் அந்தக் கோப்பை வழங்கப்பட்டது. ஒன்பது பருவங்களில் லீக் ஒன்றே ஒன்று என்று அவரைக் குறைத்துச் சொல்பவர்கள் 2019-இல் 97 புள்ளிகளும், 2022-இல் 92 புள்ளிகளும் எடுத்து, இருமுறையும் ஒரே ஒரு புள்ளியில் மான்செஸ்டர் சிட்டியிடம் பட்டத்தை இழந்ததைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

காலங்களை ஒப்பிடுவது இதனால்தான் சிக்கலாகிறது. பெய்ஸ்லி காலத்து ஐரோப்பியக் கோப்பையில் நாட்டுக்கு ஒரு சாம்பியனும் முந்தைய ஆண்டு வென்ற அணியும் மட்டுமே ஆடினார்கள். ஒன்பது ஆட்டங்களில் கோப்பையை வெல்லலாம். 2019-இல் க்ளாப்பின் அணி 13 ஆட்டங்கள் ஆட வேண்டியிருந்தது. இங்கிலாந்திலிருந்து மட்டுமே நான்கு அணிகள் போட்டியில் இருந்தன. மறுபக்கம், அன்று முதல் சுற்றிலிருந்தே தோற்றால் வெளியே. தவறைச் சரிசெய்யக் குழுச் சுற்று கிடையாது. எது கடினம் என்று சொல்ல ஒரே அளவுகோல் இல்லை. ஆகவே ரசிகர்கள் வேறொன்றைப் பார்க்கிறார்கள்: அவர் வந்தபோது கழகம் எப்படி இருந்தது, போகும்போது எப்படி விட்டுச்சென்றார்? ஷாங்க்லியும் க்ளாப்பும் உயர்ந்து நிற்பது இந்த இடத்தில்தான். பெய்ஸ்லியின் நிலை வேறு. நல்ல நிலையில் கிடைத்ததை ஐரோப்பாவின் உச்சிக்கே கொண்டுபோனவர். மேலாளரின் தொழில்திறனை மட்டும் எடைபோட்டால் அவரை மிஞ்ச ஆன்ஃபீல்டில் ஆளில்லை.

2024-இல் க்ளாப் விலக, நெதர்லாந்தின் ஆர்னே ஸ்லாட் வந்தார். புதிதாக ஆட்களை வாங்கிக் குவிக்காமல், கையில் கிடைத்த அணியை வைத்தே முதல் பருவத்தில், நான்கு ஆட்டங்கள் மிச்சமிருக்கையில், கழகத்தின் 20-ஆவது லீக் பட்டத்தை வென்றார். அது ஸ்லாட்டின் பட்டமா, க்ளாப் விட்டுச்சென்ற அணியின் பட்டமா என்ற விவாதம் அன்றே தொடங்கிவிட்டது. 1976-இல் பெய்ஸ்லி தன் முதல் லீக்கை வென்றபோதும் ஷாங்க்லியின் பெயரைச் சொல்லி இதே கேள்வியைக் கேட்டவர்கள் இருந்தார்கள். அதற்குப் பிறகு அவர் இன்னும் ஐந்து முறை வென்றார்.