கோழிக்கூட்டில் துப்பறிதல்

விடிந்ததும் கூட்டைத் திறந்தால் மூன்று கோழிகள் செத்துக் கிடக்கின்றன. அடுத்த நிமிஷமே ஆளுக்கொரு தீர்ப்பு வந்துவிடும். பாட்டி கீரி என்பார். பக்கத்து வீட்டுக்காரர் மரநாய் என்று அடித்துச் சொல்வார். அந்த நேரம் பார்த்துக் கூட்டுப் பக்கம் மோப்பம் பிடித்து வரும் தெருநாய்க்குக் கல்லடி விழும். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். ஏனென்றால் பிணத்தருகே கண்ணில் படுவது பெரும்பாலும் மிச்சத்தைத் தின்ன வந்த பிராணிதான். கொன்றது எப்போதோ போயிருக்கும்.

ஆகவே ‘யார்’ என்று கேட்கும் முன் ‘எப்போது’ என்று கேட்பது நல்லது. பருந்து, வல்லூறு, காகம், கீரி, உடும்பு எல்லாம் பகலில் நடமாடுபவை. மரநாய், புனுகுப்பூனை, ஆந்தை, பெருச்சாளி ஆகியவற்றுக்கு இரவுதான் வேலை நேரம். காட்டுப்பூனையும் நரியும் அந்தி சாயும்போதும் விடியலுக்குச் சற்று முன்பும் வரும். நாய்க்கு மட்டும் நேரங்காலம் கிடையாது. நள்ளிரவில் பூட்டிய கூட்டுக்குள் நடந்த கொலையைக் கீரி மேல் போட்டால் வழக்கு நிற்காது. குறுந்தொகையின் 139ஆம் பாட்டில் ஒக்கூர் மாசாத்தியார், வேலியோரம் வெருகு எனும் காட்டுப்பூனைகளைக் கண்டு பதறித் தன் குஞ்சுகளைக் கூவி அழைக்கும் வீட்டுக்கோழியைக் காட்டுகிறார். அது மாலை நேரம் என்பதையும் சொல்லிவிடுகிறார். இடமும் வேளையும் சரியாகப் பொருந்தும் சாட்சியம் அது.

பகலில் நடந்தது என்றால் கோழியே பாதி வாக்குமூலம் கொடுத்துவிடும். வானத்தில் பருந்து வட்டமிட்டால் சேவல் மெல்லிசாக நீட்டி ஒரு சத்தம் கொடுக்கும். கோழிகள் உடனே செடிக்கடியில் பதுங்கும், அல்லது அப்படியே உறைந்து நிற்கும். தரையில் கீரியோ பூனையோ வந்தால் சத்தமே வேறு. விட்டுவிட்டு உரக்கக் கேறும், கழுத்தை நிமிர்த்தி வந்த திசையையே பார்க்கும். பல ஆண்டுகள் கோழி வளர்த்தவர்கள் அடுப்படியில் இருந்தபடியே இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லிவிடுவார்கள். விலங்கு நடத்தை ஆய்வாளர்களும் இதைப் பதிவுசெய்து, சேவலுக்கு வான எதிரிக்கு ஒன்று, தரை எதிரிக்கு ஒன்று என இருவேறு எச்சரிக்கைக் குரல் உண்டு என்று உறுதிப்படுத்தியிருக்கிறார்கள்.

அடுத்த தடயம் இறகு. கூட்டிப் பெருக்குமுன் நாலைந்து இறகுகளைப் பொறுக்கி, அடித்தண்டை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். வல்லூறு போன்ற வேட்டைப் பறவை இரையை ஓரிடத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு இறகை ஒவ்வொன்றாகப் பிடுங்கும். அதனால் தண்டு முழுசாக இருக்கும், இறகுகளும் ஒரே வட்டத்துக்குள் கிடக்கும். பாலூட்டி கடித்துப் பிய்க்கும். தண்டு நசுங்கியோ பாதியில் அறுபட்டோ இருக்கும், எச்சிலில் இறகுகள் கொத்தாக ஒட்டியிருக்கும். இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். வல்லூறின் எடை கால் கிலோவைத் தாண்டுவதே அரிது. குஞ்சைத் தூக்கும், ஒன்றரைக் கிலோ பெட்டையைத் தூக்கிப் பறக்க அதனால் ஆகாது. வளர்ந்த கோழி சுவடே இல்லாமல் மறைந்தால் வானத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு வேலியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கலாம். ஓட்டையருகே இறகு சிக்கியிருந்தால் காட்டுப்பூனை, நரி, நாய் இவற்றில் ஒன்று முழுசாகத் தூக்கிப் போயிருக்கிறது.

பலர் செய்யத் தயங்குவதும், எல்லாவற்றையும்விடத் தெளிவான பதில் தருவதும் ஒன்று உண்டு. செத்த கோழியைப் புதைக்குமுன் கையுறை போட்டுக்கொண்டு, காயம் பட்ட இடத்தில் தோலை உரித்துப் பார்ப்பதுதான் அது. உயிரோடு இருக்கும்போது பல் பட்டிருந்தால் தோலுக்கடியில் ரத்தம் கசிந்து, சதை கருஞ்சிவப்பாகக் கன்றியிருக்கும். செத்த பிறகு கடித்திருந்தால் ஓட்டை இருக்கும், கன்றல் இருக்காது. வெள்ளைக்கழிச்சலில் இரவோடு இரவாகச் செத்த கோழியை விடிகாலையில் நாய் குதறிப் போட்டிருக்கலாம். வெளியே பார்த்தால் கொலை, உள்ளே பார்த்தால் நோய். அப்போது வேலியை உயர்த்தி என்ன பயன், தேவைப்படுவது தடுப்பூசி. ஆனால் காயமே இல்லாமல் பல கோழிகள் ஒரேயடியாகச் செத்தால் கத்தியைத் தொடவே வேண்டாம். பறவைக் காய்ச்சலாகவும் இருக்கக்கூடும். கால்நடை மருத்துவரிடம் சொல்லிவிடுவதே முறை.

கன்றல் எங்கே இருக்கிறது என்பதும் பேசும். கீரி, மரநாய், புனுகுப்பூனை, காட்டுப்பூனை எல்லாம் தலையையோ கழுத்தையோ குறிபார்த்துக் கடிப்பவை. நாய்க்கு அந்த நேர்த்தி கிடையாது. ஓடும் கோழியைத் துரத்தி முதுகு, வால், தொடை என்று கிடைத்த இடத்தில் கவ்வி உதறும். முற்றமெங்கும் இறகு, ஏழெட்டுப் பிணம், தின்றது ஒன்றுமில்லை என்றால் பெரும்பாலும் நாய்தான். தலை மட்டும் காணோம் என்றால் அவசரப்பட்டு மரநாய்க்குத் தண்டனை எழுதிவிடக் கூடாது. கம்பிவலையை ஒட்டி உறங்கும் கோழியின் தலையை வெளியிலிருந்தே இழுத்துத் தின்னப் பூனையும் போதும். உடல் வலையோரம் கிடக்கிறதா, கூட்டின் நடுவில் கிடக்கிறதா என்று பாருங்கள்.

‘ஒன்றைத் தின்னப் பத்தை ஏன் கொல்ல வேண்டும், என்ன வன்மம்!’ என்று பலர் குமுறுவதுண்டு. நெதர்லாந்து விலங்கியலாளர் ஹான்ஸ் க்ரூக் 1972இல் இதைப் பற்றி எழுதினார். இங்கிலாந்தின் ரேவன்கிளாஸ் கடற்கரையில், கும்மிருட்டான இரவுகளில் பறக்காமல் கூட்டிலேயே உட்கார்ந்திருந்த கருந்தலைக் கடற்காகங்களை நரிகள் தின்னாமலே ஏராளமாகக் கொன்று போட்டிருந்தன. வயிறு நிறைந்தால் இரை தேடி அலையும் வேகம் அடங்கும், ஆனால் ஓடாமல் எதிரே இருக்கும் இரையைக் கொல்லும் உந்துதல் அடங்குவதில்லை என்பது அவர் தந்த விளக்கம். கோழிக்கு இருட்டில் கண் சரியாகத் தெரியாது. அடைபட்ட கூட்டில் ஓடவும் வழியில்லை. அந்தக் கடற்கரையை நாமே வீட்டுக் கொல்லையில் கட்டி வைத்திருக்கிறோம்.

பாம்பு தனி ரகம். அடைகாக்கும் கோழியை நல்ல பாம்பு தீண்டினால் ஓர் இறகுகூடக் கலைந்திருக்காது. கோழி முட்டைமேலேயே செத்திருக்கும். தோலை உரித்தால் தீண்டிய இடத்தைச் சுற்றி வீங்கிக் கறுத்திருக்கும். சாரையோ மலைப்பாம்போ விழுங்கப் பார்த்து முடியாமல் விட்ட கோழிக்குத் தலையும் கழுத்தும் மட்டும் ஈரமாகி இறகு படிந்திருக்கும். பாம்பு தலையிலிருந்துதான் விழுங்கத் தொடங்கும், இறக்கை வந்ததும் சிக்கிக்கொள்ளும்.

முட்டை காணாமல் போனால் ஓட்டைத் தேடுங்கள். ஓடே இல்லை என்றால் பாம்பு அல்லது உடும்பு. முனையில் துளையிட்டு நக்கியிருந்தால் கீரியைச் சந்தேகிக்கலாம். குத்திக் குடித்த முட்டை திறந்தவெளியில் கிடந்தால் காகம். கூட்டுக்குள்ளேயே ஓடு நொறுங்கி, ஏதாவது ஒரு பெட்டையின் அலகில் மஞ்சள்கரு காய்ந்திருந்தால் திருடி வீட்டுக்குள்தான் இருக்கிறாள்.

இத்தனைக்கும் பிறகு சந்தேகம் தீராவிட்டால் சாம்பலைச் சலித்து, கூட்டு வாசலில் விரல் கனத்துக்குப் பரப்பி வையுங்கள். ஒருமுறை ருசி கண்டது அடுத்த சில நாட்களில் அதே வழியாக வரும். நாலு விரலும் நகக்குறியும் பதிந்திருந்தால் நாய் அல்லது நரி. நாலு விரல் இருந்து நகம் பதியாமல் தடம் வட்டமாக இருந்தால் பூனை இனம், அது நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஐந்து விரல் தெரிந்தால் கீரியோ மரநாயோ புனுகுப்பூனையோதான், கீரியா மற்ற இரண்டில் ஒன்றா என்பதை வேளை சொல்லிவிடும். கூரை ஓட்டிலோ மதில்மேலோ பழக்கொட்டை நிறைந்த எச்சம் கிடந்தால் மரநாய். பக்கங்களில் நகத்தடமும் நடுவில் வால் இழுத்த நெளிகோடும் உடும்பின் கையெழுத்து.

ஆளைக் கண்டுபிடித்தாயிற்று என்று விஷம் வைக்கவோ சுருக்குக் கட்டவோ கிளம்பக் கூடாது. கீரி, மரநாய், காட்டுப்பூனை, உடும்பு, பாம்புகள் எல்லாம் 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. செய்ய வேண்டியது கூட்டில்தான் இருக்கிறது. கடையில் ‘கோழி வலை’ என்று தரும் அறுகோணக் கம்பிவலை கோழியை உள்ளே நிறுத்துமே தவிர நாயை வெளியே நிறுத்தாது. அரை அங்குலச் சதுரக்கண் வெல்டு மெஷ் வாங்குங்கள். அதை ஓர் அடி அகலத்துக்கு வெளிப்பக்கமாக மடித்து மண்ணுக்குள் புதைத்தால் தோண்டி வருவதும் நிற்கும். மரநாய்க்குச் சுவர் ஒரு தடையே இல்லை, எனவே மேல்பக்கமும் மூடியிருக்க வேண்டும். சூரியன் மறையுமுன் கதவைச் சாத்திவிடுங்கள். சிந்திய தீவனத்தை ராத்திரி கூட்டில் விட்டு வைக்காதீர்கள். தீவனத்துக்கு எலி வரும், எலியின் பின்னால் பாம்பு வரும்.